அரை அங்குலக் காவல்: வடிகோபுரத்தில் ‘டவுன்கமர் சீல்’ என்ன செய்கிறது?

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிப்பறை வழியாக வீட்டுக்குள் ஏறி, இரண்டு பெண்களும் 15 வயது மாணவி ஒருவரும் இறந்து போனார்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற பெயர் அந்த வாரம்தான் பல வீடுகளில் முதன்முதலாகக் காதில் விழுந்தது. தண்ணீர் கீழே போகிற குழாயில் வாயு எப்படி மேலே வரும் என்று அப்போது பலர் கேட்டார்கள்.

இதற்கான பதில் எளிமையானது. தண்ணீர் இறங்கும் எந்தக் குழாயும் வாயு ஏறும் குழாயும்தான். அதைத் தடுக்கத்தான் கழிப்பறைப் பீங்கானுக்குக் கீழே வளைந்த குழாய் வைக்கிறார்கள். குளியலறைத் தரையில் ‘நானி டிராப்’ என்று பிளம்பர் பதிப்பதும் அதற்குத்தான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் ஆழம், அவ்வளவுதான். மேலிருந்து வரும் தண்ணீருக்கு அது வழிவிடும், கீழிருந்து வரும் வாயுவுக்கு வழிவிடாது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். இதற்கு நம் ஊர்ப் பெயர் ‘வாட்டர் சீல்’.

குடும்பத்தோடு வளைகுடாவில் இருந்துவிட்டு ஒன்றரை வருடம் கழித்து வந்து வீட்டைத் திறந்தால், குளியலறையில் சாக்கடை வாடை அடிப்பதைப் பார்த்திருப்போம். குழாய் உடையவில்லை. தேங்கி நின்ற தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போயிருக்கும். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் பூட்டு மறுபடி விழுந்துவிடும்.

இதே பூட்டு, இதைவிட மெல்லியதாக, பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களுக்குள்ளும் இருக்கிறது. ஒரு கோபுரத்தில் 30, 40 இடங்களில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே அது உடைந்தால் வாடை வராது, சத்தமும் வராது. ஆலையின் நீராவிச் செலவு ஏறும், சரக்கின் சுத்தம் குறையும், காரணம் புரியாமல் பொறியாளர்கள் மாதக்கணக்கில் தலையைச் சொறிவார்கள். நம் சமுதாயப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மணலியிலும் ஜுபைலிலும் ருவைஸிலும் இந்தக் கோபுரங்களுக்கு நடுவில்தான் வேலை பார்க்கிறார்கள். புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பாடம். மகன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் ‘ரிஃபைனரியில் இருக்கான்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் நாம், அந்தக் கோபுரத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் என்ன?

வடித்தல் நமக்கு அந்நியமான கலை அல்ல. பன்னீரும் அத்தரும் அப்படித்தான் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி, வாசனைத் திரவியங்களையும் வடித்தலையும் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. வடிகலத்துக்கு அரபியில் ‘அல் அன்பீக்’ என்று பெயர். கிரேக்கச் சொல் அரபிக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதை ‘அலாம்பிக்’ என்கிறார்கள். நாம் கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும் ‘அல் குஹ்ல்’ என்ற சொல்தான் சுற்றிச் சுற்றி ஆல்கஹால் ஆனது.

ஆனால் அலாம்பிக்கில் ஒருமுறை காய்ச்சினால் ஒருமுறைதான் பிரியும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் வடித்ததை மறுபடி ஊற்றிக் காய்ச்ச வேண்டும், பிறகு மறுபடியும். அடுப்பும் விறகும் ஆளும் ஒவ்வொரு தடவையும் வேண்டும். பிரான்சில் செலியே புளூமந்தால் என்பவர் 1813இல் காப்புரிமை பெற்ற கருவி இதை மாற்றியது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோபுரம் அது. கீழே ஒரே அடுப்பு. ஆவி ஒவ்வொரு தட்டாக ஏறும்போது ஒவ்வொரு தட்டும் ஒரு அலாம்பிக் போல வேலை செய்யும். இன்றைய கோபுரங்கள் அதன் வாரிசுகள்.

நம் வட்டாரத்தில் கோபுரம் என்றதும் வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில் உள்ள அரசின் வடிசாராய ஆலைதான் பலருக்கு நினைவு வரும். அதனால் இது நமக்கு வேண்டாத பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். விலக்கப்பட்டது விலக்கப்பட்டதுதான். ஆனால் கருவி வேறு, அதிலிருந்து வருவதை என்ன செய்கிறோம் என்பது வேறு. ஸ்கூட்டரில் ஊற்றும் பெட்ரோல், அதில் இப்போது 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனால், அடுப்புக்கு வரும் எரிவாயு, 2020இல் கையில் தேய்த்த சானிடைசர், 2021இல் மருத்துவமனை வாசலில் நாம் அலைந்து தேடிய ஆக்சிஜன் ஆகியவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு வடிகோபுரம் நிற்கிறது. நாகூருக்குப் பக்கத்தில் பனங்குடியில் 1993இல் வந்த சுத்திகரிப்பு ஆலையும் இந்தக் கோபுரத்தை நம்பி வந்ததுதான்.

இனி கோபுரத்துக்குள் போவோம்.

உள்ளே இரும்புத் தட்டுகள், ஏறத்தாழ இரண்டடிக்கு ஒன்றாக, கிடைமட்டமாகப் பதிக்கப்பட்டிருக்கும். தட்டு முழுக்கச் சிறு துளைகள், அல்லது ஆவி தள்ளினால் எழும்பும் சிறு மூடிகள். கீழிருந்து ஆவி அந்தத் துளைகள் வழியாக மேலே வரும். மேலிருந்து திரவம் வந்து தட்டின் குறுக்கே ஓடும். ஆவி திரவத்தைக் கிழித்துக்கொண்டு நுரையாகப் பொங்கும். அந்தப் பொங்கலில்தான் பரிமாற்றம் நடக்கிறது. சீக்கிரம் ஆவியாவது ஆவியோடு மேலே போகும், தாமதமாக ஆவியாவது திரவத்தோடு கீழே போகும்.

திரவம் தட்டில் தங்க வேண்டுமே, அதற்கு ஓரத்தில் ஒரு வரப்பு உண்டு. ஆலையில் அதை வியர் என்பார்கள். பாகூர்ப் பக்கம் வயலில் வரப்பு வரை நீர் நின்று, வழிந்து, அடுத்த வயலுக்கு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வரப்பின் உயரம் பொதுவாக 50 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வரப்பைத் தாண்டி வழியும் திரவம் கோபுரச் சுவரையொட்டிய ஒரு பள்ளத்தில் விழுந்து கீழ்த் தட்டுக்குப் போகும். அந்தப் பள்ளத்துக்குத்தான் டவுன்கமர் என்று பெயர், ‘கீழே வரும் வழி’ என்று பொருள்.

டவுன்கமர் என்பது நிறுத்திவைத்த ஒரு தகடும் கோபுரத்தின் சுவரும் சேர்ந்த இடுக்கு. தகட்டின் கீழ் விளிம்பு அடுத்த தட்டைத் தொடாது. திரவம் வெளியேற ஒரு சந்து வேண்டும். அந்தச் சந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆவியின் கண்ணோட்டத்தில் பாருங்கள். அது மேலே போக இரண்டு வழி உண்டு. ஒன்று, தட்டின் துளைகள் வழியாகத் திரவத்தைக் கிழித்துக்கொண்டு போவது. அதற்கு ஆவி தன் அழுத்தத்தைச் செலவிட வேண்டும், ஒரு தட்டுக்கு எட்டு, பத்து சென்டிமீட்டர் திரவத்தின் எடைக்குச் சமமாக. இன்னொன்று, டவுன்கமரின் அடிச்சந்து வழியாக நுழைந்து, அகலமான பள்ளத்தில் சுலபமாக ஏறிவிடுவது. தடையில்லாத வழி இருக்கும்போது கஷ்டமான வழியில் போக ஆவிக்கு என்ன தலையெழுத்து?

ஆகவே அந்தச் சந்து எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். கீழ்த் தட்டின் வரப்பு 50 மில்லிமீட்டர் என்றால், டவுன்கமரின் அடிச்சந்து 38 மில்லிமீட்டர் அளவில் வைப்பார்கள். தகட்டின் விளிம்பு வரப்பின் உச்சியைவிட 12 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். அரை அங்குலம். நம் விரலின் அகலத்தைவிடக் குறைவு. தட்டு நிறைந்திருக்கும் வரை அந்த அரை அங்குலத் திரவம் வாசலை மூடி நிற்கும். இதுதான் டவுன்கமர் சீல்.

பத்து சென்டிமீட்டர் அழுத்தத்தை அரை அங்குலம் எப்படித் தாங்கும் என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்விதான். அரை அங்குலம் தனியாகத் தாங்குவதில்லை. வாசல் மூடியிருந்தால் டவுன்கமருக்குள் திரவம் வெளியேற வழி தேடி மேலே மேலே ஏறும். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்துக்கு ஈடான உயரம் வந்ததும் தன் எடையால் ஆவியைத் தள்ளிவைத்துக்கொண்டு ஓடும். கிணற்று உறையில் நீர் நிற்பதுபோல உள்ளே ஒன்றரைச் சாண் திரவம் நிற்கும். அந்தத் திரவத்தூண் கட்டப்படுவதற்கு வாசலை மூடிக் கொடுப்பதுதான் அரை அங்குலத்தின் வேலை.

வாசல் ஒரு மூலையில் திறந்துகொண்டால் என்ன ஆகும்? கொஞ்சம் ஆவி உள்ளே நுழையும். உள்ளே நின்ற திரவம் நுரைக்கும். நுரைத்த திரவத்துக்கு எடை குறைவு. எடை குறைந்ததால் இன்னும் அதிக ஆவி நுழையும். இப்படி ஒன்று இன்னொன்றை வளர்த்து, சற்று நேரத்தில் டவுன்கமர் புகைபோக்கியாக மாறிவிடும்.

அதன் விளைவு இரண்டு பக்கமும் தாக்கும். டவுன்கமர் வழியாகத் தப்பிய ஆவி அந்தத் தட்டின் திரவத்தை முறையாகச் சந்திக்கவே இல்லை. கீழே எவ்வளவு அசுத்தமாக இருந்ததோ ஏறத்தாழ அப்படியே மேல் தட்டுக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், துளைகள் வழியாகப் போகும் ஆவி குறைந்துவிட்டதால் துளைகளைக் காத்து நிற்கும் வேகம் இல்லை. தட்டின் திரவம் துளை வழியாகவே கீழே ஒழுக ஆரம்பிக்கும். வரப்புக்கு வந்து சேர வேண்டிய திரவம் பாதி வழியில் ஒழுகிவிட்டால் டவுன்கமருக்கு வரத்து குறையும். சீல் இன்னும் பலவீனமாகும். பெரிய வாய்க்காலில் உடைப்பு விழுந்தால் கடைமடை காய்வது போலத்தான்.

தட்டின் திறன் என்பதை அளக்க 1925இல் மர்ஃப்ரீ என்பவர் ஒரு கணக்குத் தந்தார். முழுமையான பரிமாற்றம் நடந்தால் ஆவி எவ்வளவு சுத்தமாகுமோ, அதில் உண்மையில் எத்தனை சதவீதம் ஆனது என்பதுதான் அது. நூற்றுக்கு நூறு வாங்கும் தட்டு அபூர்வம். நன்றாக வேலை செய்யும் பல தட்டுகள் 60 முதல் 80 வரை வாங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சரக்கைப் பிரிக்க 21 முழுமையான படிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தட்டின் திறன் 70 சதவீதம் என்று நம்பி 30 தட்டு வைத்துக் கோபுரம் கட்டுகிறார்கள். பல இடங்களில் சீல் தளர்ந்து சராசரி 50க்கு இறங்கினால் அந்த 30 தட்டும் 15 படிக்குத்தான் சமம். 21 வேண்டுமென்றால் 42 தட்டு வேண்டும். கட்டி முடித்த கோபுரத்தை நீட்ட முடியாது. அப்போது ஆபரேட்டரின் கையில் இருப்பது ஒன்றுதான்: உச்சியில் குளிர்ந்த சரக்கில் ஒரு பகுதியை மறுபடி கோபுரத்துக்குள் திருப்பிவிடுவது. ரிஃப்ளக்ஸ் என்பார்கள். திருப்பிவிட்டதை மறுபடி ஆவியாக்க வேண்டும், அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும். ஒரே சரக்கை இரண்டு முறை காய்ச்சும் பழைய அலாம்பிக் செலவு வேறு உருவத்தில் திரும்பி வந்து நிற்கும்.

ரிஃப்ளக்ஸைக் கூட்டினால் சில நேரம் அதிசயம் போலச் சரியாகிவிடும். திரவம் அதிகமானதும் வாசல் மூழ்கி, சீல் விழுந்துவிடும். ‘கூட்டினால் சரியாகுது’ என்று அதையே பழக்கமாக்கிய ஆலைகளில் நீராவிக் கசிவு கோபுரத்துக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. வேறு சில நேரம் இது எதிராகப் போகும். டவுன்கமருக்குள் ஏறும் ஆவி, இறங்கும் திரவத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது மேலும் திரவத்தை ஊற்றினால், அது கீழே போக இடமின்றித் தட்டின் மேலேயே நிற்கும். அதற்கு மேல் தட்டின் டவுன்கமரும் அடைபடும். கோபுரம் மேல்நோக்கி நிரம்பும். இதை வெள்ளம் என்றே ஆலையில் சொல்வார்கள். ஒரு தட்டில் தொடங்கிய குறை பத்துத் தட்டை முடக்கிப் போடும்.

அப்படியானால் சந்தை ஒரேயடியாகச் சிறிதாக்கிவிட்டால் சீல் உறுதியாகுமே? ஆகும், ஆனால் திரவம் வெளியேற முடியாது. சந்தில் திரவம் வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் போனால் அதற்கான தடை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் திரவ உயரம். சந்தைப் பாதியாக்கினால் வேகம் இரட்டிப்பாகும், தடையோ நான்கு மடங்காகி 60 மில்லிமீட்டர் ஆகும். டவுன்கமரில் திரவம் அந்த அளவு கூடுதலாக ஏறி நிற்கும். அழுக்குப் படியும் சரக்காக இருந்தால் சில மாதங்களில் சந்து இன்னும் இறுகும். தாராளமாக வைத்தால் ஆவி ஏறும், இறுக்கமாக வைத்தால் வெள்ளம் வரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர்தான்.

சீல் அதிகமாகத் தோற்பது ஆலை முழு வேகத்தில் ஓடும்போது அல்ல, குறைந்த வேகத்தில் ஓடும்போது. கரும்பு குறைந்து கழிவுப்பாகு கிடைக்காத வருடத்தில் ஒரு வடிப்பாலையைப் பாதிச் சுமையில் ஓட்டுவார்கள். அப்போது தட்டில் திரவம் கம்மி, ஒழுக்கு அதிகம். தட்டு மட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் திரவமெல்லாம் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும், உயர்ந்த பக்கத்தில் வாசல் திறந்து கிடக்கும். விட்டம் பெரிதான கோபுரங்களில் இது எளிதில் நடக்கும். குறைந்த திரவத்துக்கென்றே வரப்பில் பல் பல்லாக வெட்டி வழியும் நீளத்தைக் குறைப்பதும், டவுன்கமரின் வாசலுக்கு முன்னால் இன்னொரு குட்டி வரப்பு வைப்பதும், வாசலுக்கு நேரே தட்டைப் பள்ளமாக்குவதும் உண்டு. பள்ளமாக்கியதில் அழுக்கு சேரும் என்பதால் எல்லாச் சரக்குக்கும் அது ஒத்துவராது.

கோபுரத்தைப் புதிதாக ஓட்டத் தொடங்கும்போது எந்த டவுன்கமரிலும் சீல் இருக்காது, எல்லாம் காலி. அந்த நேரத்தில் அவசரப்பட்டு நீராவியைத் திறந்தால் ஆவி எல்லா டவுன்கமரிலும் ஏறும், திரவம் எதிலும் இறங்காது. அதனால்தான் ஆவியை மெல்ல ஏற்றி, உச்சிச் சரக்கை வெளியே எடுக்காமல் முழுக்கத் திருப்பிவிட்டு, தட்டுகள் ஒவ்வொன்றாக நிறையக் காத்திருக்கச் சொல்கிறார்கள். பொறுமை இல்லாத ஷிஃப்டில் இரண்டு மணி நேர வேலை பத்து மணி நேரமாகும்.

கடைசித் தட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் டவுன்கமருக்குக் கீழே தட்டே கிடையாது, கோபுரத்தின் அடிப்பாகம்தான். எதில் மூழ்குவது? அதற்காக ஒரு தொட்டியைத் தொங்கவிட்டு விளிம்பை அதில் முக்குவார்கள், சீல் பேன் என்று பெயர். அந்தத் தொட்டி ஓட்டையானாலோ கழன்று விழுந்தாலோ, அடுப்பிலிருந்து வரும் புது ஆவி நேராக ஏறும் முதல் வழி அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கோபுரத்தைத் திறக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கோபுரத்தின் ஒரு பக்கம் சிறு கதிரியக்க மூலமும் மறுபக்கம் அளவுமானியும் கட்டி, இரண்டையும் ஒரே மட்டத்தில் மெல்ல இறக்குவார்கள். திரவம் இருக்கும் இடத்தில் கதிர் குறையும், ஆவி இருக்கும் இடத்தில் கூடும். காமா ஸ்கேன் எனப்படும் இதை நம் நாட்டில் அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனமும் செய்து தருகிறது. நுரைத்துப் போன டவுன்கமர் எது, நிரம்பி வழியும் தட்டு எது என்று கோடுகளில் தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு சரிசெய்ய ஷட்டவுன் வேண்டும், ஆள் உள்ளே போக வேண்டும். நம் பிள்ளைகள் வருவது இங்கேதான். முதுகு வளைத்து, தட்டுக்குத் தட்டு தவழ்ந்து, வரப்பின் உயரத்தையும் அடிச்சந்தையும் இடது, நடு, வலது என மூன்று இடத்திலாவது அளக்க வேண்டும். சரியான அளவில் வெட்டிய ஒரு கட்டையைச் சந்தில் நுழைத்துப் பார்ப்பது பழைய, நம்பகமான முறை. பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. சீல் பேனில் தண்ணீர் ஊற்றி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே யாரும் நின்று மேற்பார்வை பார்க்க முடியாது. ‘எல்லாம் ஓகே’ என்று தாளில் எழுதிவிட்டு வெளியே வந்தாலும் உடனே யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் கழித்து அடுத்த ஷட்டவுனில்தான் தெரியும், அதுவரை அந்த ஒரு டிக் அடையாளத்துக்காக நீராவி எரிந்துகொண்டிருக்கும்.

ஷட்டவுனுக்குப் போகும் பிள்ளையிடம் வீட்டில் கேட்க வேண்டியது வேறு. ரெட்டியார்பாளையத்தில் பேசப்பட்ட அதே ஹைட்ரஜன் சல்பைடு சுத்திகரிப்பு ஆலைகளின் பல கோபுரங்களில் தங்கியிருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். ஆகவே வாடை இல்லை என்பது அனுமதி அல்ல. தட்டில் படிந்த கறுப்புத் தூளில் இரும்பு சல்பைடு இருந்தால், காய்ந்து காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும், அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கோபுரத்தோடு சேரும் குழாய்கள் எல்லாம் வால்வு மூடியதோடு விடப்படாமல் பிளைண்ட் தகடு போட்டு அடைக்கப்பட்டிருக்கின்றனவா, உள்ளே போகும் முன்னும் வேலை நடக்கும்போதும் காற்றை அளக்கிறார்களா, சட்டையில் வாயு அலாரம் இருக்கிறதா, மேன்ஹோல் வாசலில் ஹோல் வாட்ச் ஆள் வேலை முடியும் வரை நகராமல் நிற்கிறாரா, உள்ளே ஒருவர் மயங்கினால் மற்றவர் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்கக் கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்களா என்று போனிலேயே கேட்கலாம். பர்மிட்டில் இவையெல்லாம் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதை வாசித்துப் பார்த்தானா என்றும் கேளுங்கள்.